தெருநாய்க் கருத்தடை: புதிதாக இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் இப்போது ஏரியாவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஃபேர்லேண்ட்ஸ், கன்னங்குறிச்சி, சீலநாயக்கன்பட்டி என்று எங்கே பார்த்தாலும், தெருநாய்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று நாலைந்து இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஆரம்பத்தில் எங்கள் குழு சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் வரிசையாக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

விஷம் வைக்காதீர்கள், கல்லால் அடிக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைச் செய்கிறவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள். அறுவை சிகிச்சையும் உங்கள் வேலை அல்ல. அது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மையத்தில் கால்நடை மருத்துவர் செய்வது. உங்களுக்கு வேலை அதற்கு முன்னும் பின்னும்தான். தவறுகள் நடப்பதும் அங்கேதான்.

எண்ணாமல் தொடங்குவது

"எங்க தெருவுல அம்பது நாய் இருக்குதுங்க" என்று ஃபோன் வரும். போய்ப் பார்த்தால் பதினைந்துகூடத் தேறாது. சாயங்காலத்தில் எண்ணினால் அப்படித்தான் ஆகும். தட்டுவடை செட் கடை, சில்லி சிக்கன் வண்டி, பிரியாணிக் கடை என்று ஒரே நாய் மூன்று இடத்தில் தலைகாட்டும். விடிகாலை ஐந்தரைக்குப் போங்கள். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் சுருண்டு கிடக்கும். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, ஆணா பெட்டையா, காதில் வெட்டு (கருத்தடை முடிந்ததற்கான அடையாளம்) இருக்கிறதா, பால்மடி இறங்கியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். யார் சோறு வைக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். பிடிக்கிற நாளில் வலையைவிட அந்த அக்காவின் குரல்தான் அதிகம் உதவும்.

அங்கே ரெண்டு, இங்கே மூணு

மாநகராட்சியில் 60 வார்டு. பெயர் கொஞ்சம் வெளியே தெரிந்துவிட்டால் அறுபதிலிருந்தும் கூப்பிடுவார்கள். யாரையும் வருத்தப்படுத்த மனம் வராமல், அம்மாபேட்டையில் இரண்டு, சூரமங்கலத்தில் மூன்று என்று தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் எண்ணிக்கை பெரிதாக இருக்கும், எந்தத் தெருவிலும் குட்டி குறைந்திருக்காது.

காரணம் எளிது. பெட்டை நாய் பெரும்பாலும் வருஷத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஒரு ஈத்துக்கு நாலு முதல் ஆறு குட்டி சாதாரணம். தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை ஒரு வயதைத் தாண்டுவதில்லை. ஆனாலும் தாண்டுகிற ஒன்றிரண்டே போதும், விட்டுப்போன இரண்டு பெட்டைகளை வைத்தே தெரு பழைய நிலைக்கு வந்துவிடும். வெறிநோய் பரவாமல் இருக்க ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கருத்தடைக்கும் அதையே குறைந்தபட்ச இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவை முடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போங்கள். மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

ஆண் நாயை மறப்பது

ஆபரேஷனில் பெட்டைக்கு முதலிடம் கொடுக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசியில் அந்தப் பாகுபாடு கிடையாது.

நல்ல இடமாகப் பார்த்து விடுவது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது. கெட்டவர்கள் செய்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். இதை நல்லவர்கள்தான் செய்கிறார்கள்.

அழகாபுரம் பக்கம் ஒரு தம்பி. உழைப்பாளி. அவன் தெருவில் ஒரு செவலைப் பெட்டை. ஆபரேஷன் முடிந்தது, ஊசி போட்டாயிற்று, காதில் வெட்டும் ஆயிற்று. திரும்பக் கொண்டுவந்து இறக்குகிற அன்றைக்கு எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "இத்தனை செலவு பண்ணீங்க, அப்படியே எங்கயாச்சும் தள்ளி விட்டிருக்கலாமேப்பா" என்றார். தம்பிக்குச் சங்கடமாகிவிட்டது. தெரிந்தவர் ஒருவருக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம். அங்கே விட்டால் நிம்மதியாகச் சுற்றும், ஜில்லென்று இருக்கும் என்று காரில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். பனிமூட்டத்தில் நாய் நிற்கிற போட்டோ வேறு எங்களுக்கு வந்தது, கீழே நாலைந்து இதயத்தோடு.

ஒரு வாரத்துக்குள் நாய் அங்கே இல்லை. தோட்டத்தில் ஏற்கெனவே இருந்த நாய்கள் அதை அண்டவிடவில்லை. எங்கே சோறு கிடைக்கும், எங்கே ஒதுங்கலாம், எந்த நாயிடம் தள்ளி நிற்க வேண்டும் என்று புது இடத்தில் ஒரு நாய்க்கு என்ன தெரியும்? ரோட்டுக்கு வரும், வண்டியில் அடிபடும். ஊரில் யாரையும் கடிக்காத சாதுகூடப் பயத்தில் கடிக்கும். சேர்வராயன் மலையில் காட்டெருமையும் முயலும் காட்டுக்கோழியும் இருக்கின்றன. பசித்த நாய் அங்கே முயலையும் கோழியையும் துரத்தும். ஊர் நாயிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் காட்டு மிருகங்களுக்குப் போகும். மலைமேல் ஏற்கெனவே டூரிஸ்டுகள் விட்டுவிட்டுப் போகிற ஜாதி நாய்களின் தொல்லை வேறு.

சரி, அழகாபுரத்தில் என்ன நடந்தது? செவலை படுத்துக் கிடந்த டீக்கடை ஓரம் காலியானது. டீக்கடை மிச்சமும் கோழிக்கடைக் கழிவும் அப்படியே இருந்தன. பஸ் ஸ்டாப் பக்கத்தில் வீடு காலியானால் வாடகைக்கு ஆள் வராமலா போகும்? மெயின் ரோட்டுப் பக்கமிருந்து வேறொரு பெட்டை வந்து சேர்ந்தது. ஊசியும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. மழைக்காலம் முடிவதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் குட்டி போட்டது. அதே எதிர்வீட்டுக்காரர் ஃபோன் செய்தார்: "ஆபரேஷன் பண்ணியும் குட்டி போடுதே, என்னங்க இது?"

ஒரு நாய்க்குச் செய்த செலவு இப்படி முழுதாக வீண். அதைவிடப் பெரிய நஷ்டம், புகார் சொன்னால் நாய் காணாமல் போகும் என்று அந்தத் தெரு கற்றுக்கொண்டது. இப்போது அங்கே போய் "ஆபரேஷன் பண்ணித் திரும்ப விடுவோம்" என்றால் கதவைச் சாத்துகிறார்கள்.

கருத்தடை செய்த நாயைப் பழைய இடத்திலேயே விடுவது அதன்மேல் உள்ள இரக்கத்தால் மட்டும் அல்ல. அது அங்கே இருக்கிறவரை வெளிநாயை எளிதில் உள்ளே விடாது, தானும் பெருகாது. சென்னையில் நூறு வருஷத்துக்கு மேல் நாய்களைப் பிடித்துக் கொன்று பார்த்தார்கள், நாய்கள் ஒழியவில்லை. 1996ல் மாநகராட்சி புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்புடன் சேர்ந்து கருத்தடைக்கு மாறியது. நாடு முழுவதற்குமான விதிகள் 2001ல் வந்தன. அவற்றுக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் விதிகளும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

"கோர்ட்டே எடுத்துட்டுப் போகச் சொல்லிருச்சே" என்று யாராவது வருவார்கள். முழுக் கதையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் 11ல் டெல்லிப் பகுதி தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22ல் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோய் உள்ளவை, அந்தச் சந்தேகம் உள்ளவை, மூர்க்கமானவை மட்டும் விலக்கு. அப்புறம் நவம்பர் 7ல், பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்றது. ஆகவே புது பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன் நாய்களின் கதை வேறு. அது உள்ளாட்சியின் பொறுப்பு. உங்கள் தெரு நாயை மலையேற்ற அதில் அனுமதி எதுவும் இல்லை.

வேண்டுமென்றே செய்யாமலும் இது நடக்கும். ஒரே வண்டியில் மூன்று தெரு நாய்கள், எல்லாம் ஒரே நிறம், குறிப்பு எதுவும் இல்லை. கன்னங்குறிச்சி நாய் கோரிமேட்டில் இறங்கிவிடும். பிடித்த நிமிஷமே கழுத்தில் எண் பட்டை கட்டுங்கள். அந்த எண், போட்டோ, தெரு, பக்கத்தில் இருக்கும் கடை அல்லது கோயில், சோறு வைப்பவரின் ஃபோன் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். எழுதாமல் ஒரு நாயும் வண்டி ஏறக் கூடாது.

பால் கொடுக்கும் தாயைத் தூக்கி வருவது

வேண்டாம். குட்டிகள் எங்கோ சாக்கடைப் பாலத்துக்கு அடியில் பசியில் கிடக்கும். அவை பால் மறக்கட்டும்.

"பட்டினியாவா அனுப்பறது, கண்ணு?"

சோறு வைக்கும் அக்காக்கள் எல்லோரும் இதைக் கேட்பார்கள். ஆமாம், முந்தின ராத்திரியிலிருந்து சாப்பாடு கூடாது. வயிறு நிறைய இருந்தால் மயக்கத்தில் வாந்தி வரும், அது மூச்சுக்குழாய்க்குள் போனால் நாய் பிழைப்பது கஷ்டம். தலையாட்டிவிட்டு விடிகாலையில் ரெண்டு பிஸ்கட் நைசாகக் கொடுத்துவிடுவார்கள். முந்தின நாளே நேரில் போய் உட்கார்ந்து விளக்குங்கள், ஃபோனில் சொன்னால் எடுபடாது.

காது வெட்டுக்கு இரக்கப்படுவது

மயக்கத்தில் இருக்கும்போதுதான் வெட்டுகிறார்கள். அந்த அடையாளம் இல்லையென்றால் அடுத்த வருஷம் வேறு யாராவது அதே பெட்டையைப் பிடித்து மறுபடி வயிற்றைத் திறப்பார்கள்.

குப்பையை விட்டுவிட்டு நாயை மட்டும் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடைக் கழிவு எங்கே போகிறது, முகூர்த்த நாளில் மண்டபத்து எச்சில் இலை எங்கே விழுகிறது என்று பாருங்கள். கடைக்காரரிடம் மூடி போட்ட டிரம் ஒன்று வைக்கச் சொல்லிப் பேசுவது சலிப்பான வேலை, யாரும் போட்டோ எடுத்துப் போட மாட்டார்கள், ஆனாலும் செய்யுங்கள். நீங்கள் வைக்கும் சோறும் அப்படித்தான். குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாசல் வழி ஆகியவற்றிலிருந்து தள்ளி, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைக்க வேண்டும் என்கின்றன 2023 விதிகள். ஆகஸ்ட் 22 உத்தரவும் கண்ட தெருவில் வைக்காமல், வார்டுதோறும் ஒதுக்கிய இடத்தில் மட்டுமே வைக்கச் சொல்கிறது. உங்கள் வார்டில் இன்னும் ஒதுக்கவில்லை என்றால் கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஊசி போடாமல் நாய் பிடிக்க வருவது

கையுறை இருக்கிறது என்று கிளம்பிவிடுகிறார்கள். வெறிநோய்க்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி உண்டு: முதல் நாள், 7ஆம் நாள், அப்புறம் 21 அல்லது 28ஆம் நாள். எங்கள் குழுவில் அதை முடிக்காதவருக்கு நோட்டு எழுதுகிற வேலைதான். கடி பட்டால் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். கழுவியதும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முன்னமே முழுதாகப் போட்டவருக்கு அன்றைக்கு ஒன்று, 3ஆம் நாள் ஒன்று என்று இரண்டு ஊசி போதும். போடாதவருக்கு முழு வரிசையும் வேண்டும். அவருக்கு ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போட வேண்டியிருக்கும், அதை டாக்டரிடம் நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.