வால்வு வோல்ட்மீட்டரைக் கொண்டு பழைய ரேடியோவைப் பழுதுபார்க்கும் முறை

பாளையங்கோட்டையில் என் மேசைக்கு வால்வு ரேடியோக்கள் (கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் ஓடும் பழைய செட்டுகள்) இரண்டு திசைகளிலிருந்து வருகின்றன. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, தென்காசிப் பக்கத்துச் செட்டுகளில் பல ஆண்டுச் சாரலின் ஈரம் குடித்த காகிதக் கண்டன்சர்கள் (மின்தேக்கிகள்) இருக்கும். உவரி, குலசேகரன்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் செட்டுகளில் வால்வு சாக்கெட்டுகளின்மேல் உப்புக் காற்று ஒரு மெல்லிய படலத்தைப் படியவைத்திருக்கும். இரண்டிலும் பழுதின் தன்மை ஒன்றுதான்: மின்சாரம் போகக் கூடாத வழியில் துளித்துளியாகக் கசிகிறது. அந்தக் கசிவைச் சாதாரண மல்டிமீட்டர் பெரும்பாலும் காட்டாது, வால்வு வோல்ட்மீட்டர் காட்டும். வி.டி.வி.எம். (வேக்குவம் டியூப் வோல்ட்மீட்டர்) என்று நாங்கள் அழைக்கும் அந்தக் கருவியைக் கொண்டு செட்டை எப்படிச் சோதிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

அளக்கும் மீட்டரும் சர்க்யூட்டில் ஒரு பகுதியாகிவிடுகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். வோல்ட்டுக்கு 20,000 ஓம் உள்ள நல்ல மல்டிமீட்டரை 10 வோல்ட் அளவில் வைத்தால் அதன் மொத்தத் தடை 2 லட்சம் ஓம் மட்டுமே. ஓசையைத் தானாகச் சமமாக வைக்கும் ஏ.வி.சி. லைனில் 6 வோல்ட் மின்னழுத்தம் 1 மெகாஓம் ரெசிஸ்டர் வழியாக வருவதாக வைத்துக்கொள்வோம். அங்கே இந்த மீட்டரை வைத்ததும் மின்னழுத்தம் சரிந்து முள் 1 வோல்ட்டில் நின்றுவிடும். செட்டில் இல்லாத பழுதை நாம் தேடத் தொடங்குவோம். வி.டி.வி.எம்.மில் உள்ளே 10 மெகாஓம், புரோப்பின் (அளக்கும் இடத்தைத் தொடும் கோலின்) முனையில் 1 மெகாஓம் என மொத்தம் 11 மெகாஓம் இருப்பதால் அதே இடத்தில் அது 5.5 வோல்ட் காட்டும். மீட்டரை எந்த வோல்ட் அளவில் வைத்தாலும் இந்தத் தடை மாறுவதில்லை.

மீட்டரைத் தயார் செய்வதில் அவசரம் கூடாது. இணைப்புக் கொடுப்பதற்கு முன் முள் சுழியில் நிற்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் முகப்பில் உள்ள திருகால் சரிசெய்யவும். பிறகு இணைப்புக் கொடுத்து, உள்ளிருக்கும் இரட்டை டிரையோடு வால்வு சூடேறி நிலைகொள்ளக் குறைந்தது 15 நிமிடம் விட வேண்டும். மழைக்காலக் காலைகளில் நான் அரை மணி நேரம் விடுகிறேன். அதன்பின் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொட்டுவைத்து, ஸ்விட்சை பிளஸ் டிசியிலிருந்து மைனஸ் டிசிக்கு மாற்றிப் பார்க்கவும். முள் சுழியை விட்டு நகர்ந்தால் சுழித் திருகியால் நிலைப்படுத்தவும். எவ்வளவு திருகியும் இரண்டு நிலைகளிலும் ஒரே இடத்தில் நிற்கவில்லையென்றால், பெரும்பாலும் அந்த வால்வையே சந்தேகிக்க வேண்டும். புதிய 1.5 வோல்ட் டார்ச் செல்லை அளந்து பார்ப்பது எளிய சோதனை, முள் 1.5க்குச் சற்று மேலே நின்றால் மீட்டரை நம்பலாம்.

புரோப்பில் உள்ள சிறு ஸ்விட்சையும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளவும். அதை ஏசி/ஓம் நிலையில் மறந்துவிட்டு டிசி அளந்தால் முனையின் 1 மெகாஓம் கணக்கில் வராமல் முள் பத்து சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

அடுத்து உயிர்ப் பாதுகாப்பு. பல வி.டி.வி.எம்.களில் கறுப்பு வயர் மீட்டரின் உலோகப் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டுகளில் சேஸிஸ் (பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டு) நேரடியாக 230 வோல்ட் மெயின்ஸின் ஒரு முனையில் நிற்கக்கூடும். அந்தச் சேஸிஸில் கறுப்பு வயரை மாட்டினால், மீட்டரின் பெட்டி எர்த் செய்யப்படாதிருந்தால் பெட்டியிலேயே மின்சாரம் பாயும். எர்த் செய்யப்பட்டிருந்தால் ஃபியூஸ் போகும். ஆகவே இவ்வகைச் செட்டை ஒன்றுக்கு ஒன்று விகிதமுள்ள ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டுமே ஓட்ட வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது. செட்டை அணைத்த பிறகும், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர்களில் 250 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அவற்றை ஸ்க்ரூ டிரைவரால் குறுக்கே தொடாமல், 1 கிலோஓம் 10 வாட் ரெசிஸ்டர் வழியாக வடிக்கவும். அளக்கும்போது ஒரு கையை மேசைக்கு வெளியே வைத்திருப்பது நல்ல பழக்கம்.

மின்சாரம் கொடுக்குமுன், வால்வுகளுக்கு உயர் டிசி மின்னழுத்தம் தரும் எச்.டி. லைனுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஓம் அளக்க வேண்டும். ஃபில்டர் கண்டன்சர் மின்னேற்றம் பெறும்போது முள் முதலில் சுழிப் பக்கம் சாய்ந்து, பிறகு மெல்ல ஏறிப் பல்லாயிரம் ஓம்களுக்கு வந்து நிற்கும். சில நூறு ஓம்களிலேயே நின்றுவிட்டால் அந்தச் செட்டுக்கு இணைப்புக் கொடுக்கக் கூடாது.

இனி, இந்த மீட்டரின் அருமையை எனக்குக் காட்டிய ஒரு வேலையைச் சொல்கிறேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒருவர் செட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். “ஆன் பண்ணுனா பத்து நிமிசம் நல்லா பாடுது அண்ணாச்சி, அப்புறம் தொண்டை கட்டுன மாதிரி ஆயிருது” என்றார். பழுதை இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது. ஒலிபெருக்கியை ஓட்டும் இறுதி நிலை வால்வு இஎல்84. அதன் கேத்தோடில் (எலக்ட்ரான்களை வெளிவிடும் முனையில்) 7.3 வோல்ட் அளவில் இருக்க வேண்டியது, செட் சூடானதும் 9 வோல்ட்டைத் தாண்டியது. அதாவது வால்வு தன் வரம்புக்கு மேல் மின்னோட்டம் இழுத்தது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையான கிரிட்டில் வி.டி.வி.எம்.மை வைத்தேன். சேஸிஸைப் பார்த்து சுழியாக இருக்க வேண்டிய இடத்தில் முள் மெல்ல நகர்ந்து பிளஸ் 2.9 வோல்ட்டில் நின்றது.

கிரிட்டில் பிளஸ் வந்தால் காரணம் இரண்டு: முந்தைய வால்வின் பிளேட்டிலிருந்து (பிளஸ் முனையிலிருந்து) ஒலி சிக்னலை மட்டும் கடத்தும் கப்ளிங் கண்டன்சர் கசிகிறது, அல்லது இறுதி வால்வுக்குள்ளேயே வாயு சேர்ந்துவிட்டது. பிரித்தறிய, கண்டன்சரின் கிரிட் பக்கக் காலை மட்டும் பற்றவைப்பை இளக்கி எடுத்து, அந்தத் தனிக் காலில் புரோப்பை வைக்கவும். நல்ல கண்டன்சரில் முள் ஒரு முறை துள்ளிவிட்டுச் சுழிக்குத் திரும்பும். கசியும் கண்டன்சரில் திரும்பாது. இந்தச் செட்டில் முள் 40 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றது. முந்தைய பிளேட்டில் 90 வோல்ட், கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோஓம் என்ற கணக்கில் கசிவுத் தடை ஏறத்தாழ 13 மெகாஓம் வருகிறது. அவ்வளவு பெரிய தடைதானே என்று தோன்றும். ஆனால் ஒரு வால்வைக் கருக்க அது போதும். மல்டிமீட்டரை 10 வோல்ட் அளவில் வைத்து அதே கிரிட்டை அளந்திருந்தால் 1 வோல்ட்டுக்கும் குறைவாகவே காட்டியிருக்கும். நான் வீணாக வால்வை மாற்றியிருப்பேன். ஓம் அளவில் சோதிப்பதும் இங்கே உதவாது. 1.5 வோல்ட் செல்லுக்கு அடங்கியிருக்கும் கண்டன்சர் 90 வோல்ட் ஏறினால்தான் கசியத் தொடங்கும். 400 வோல்ட் தாங்கும் பாலியெஸ்டர் கண்டன்சர் ஒன்றை மாற்றியதும் கிரிட் சுழிக்கு வந்தது, கேத்தோடு 7.4இல் நின்றது. அவர் உள்ளே உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

ஸ்டேஷனே எடுக்காத செட்டில், உள்ளேயே அலை உண்டாக்கும் ஆசிலேட்டரைப் பார்க்க வேண்டும். இசிஎச்81 போன்ற வால்வில் டிரையோடு கிரிட்டில் மைனஸ் 9 வோல்ட் அளவில் கிடைத்தால் அது ஓடுகிறது, சுழியென்றால் நின்றுவிட்டது. புரோப் முனையிலுள்ள 1 மெகாஓம்தான் இந்த அளவீட்டைச் சாத்தியமாக்குகிறது. வயரின் கொள்ளளவு ஆசிலேட்டரை அமுக்காமல் அது தடுக்கிறது. இன்றைய டிஜிட்டல் மீட்டருக்கும் 10 மெகாஓம் உண்டு, ஆனால் அதன் வெறும் வயரே சில செட்டுகளில் ஆசிலேட்டரை நிறுத்திவிடும். முனையில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் அதுவும் உதவும், காட்டும் அளவு மட்டும் ஏறத்தாழ பத்து சதவீதம் குறைவாக இருக்கும். புரோப்பை வைத்தபடியே டியூனிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பவும். முள் ஏறி இறங்கலாம், ஆனால் கீழ்க்கோடியில் சுழிக்கு விழுந்தால் பெரும்பாலும் வால்வு தளர்ந்திருக்கும்.

ஐ.எஃப். (இடைநிலை அலைவெண்) டிரான்ஸ்ஃபார்மர்களை இசைவாக்கும் அலைன்மென்ட்டைக் காதால் செய்வதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் ஏ.வி.சி. ஓசையைச் சமமாக வைத்துக் காதை ஏமாற்றிவிடும். அந்த ஏ.வி.சி. லைனிலேயே புரோப்பை வைத்து மைனஸ் டிசியில் அளப்பதே சரி. சிக்னல் ஜெனரேட்டரில் 455 கிலோஹெர்ட்ஸ், அல்லது அந்தச் செட்டுக்கு உரிய அலைவெண்ணை வைத்து, கடைசி ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மரில் தொடங்கி முன்னோக்கி வந்து, ஒவ்வொரு கோரையும் (சுருளுக்குள் திருகும் காந்தத் துண்டையும்) முள் உச்சத்தைத் தொடும்வரை பிளாஸ்டிக் திருகியால் திருப்பவும். மெழுகில் ஒட்டிய கோரை வலிந்து திருப்பினால் நொறுங்கிவிடும். சற்றே சூடாக்கி இளக்கிக்கொள்ள வேண்டும். 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியின் மத்திய அலை 1197 கிலோஹெர்ட்ஸ், டயலைச் சரிபார்க்க எங்கள் பகுதிக்கு வாய்த்த அடையாளக்கல். அங்கே டயல் முள் நிற்கும்போது ஆசிலேட்டர், ஐ.எஃப். 455ஐயும் கூட்டி, 1652 கிலோஹெர்ட்ஸில் ஓட வேண்டும்.

ஹம் (விடாத ‘ம்ம்’ என்ற இரைச்சல்) வந்தால் ஏசி அளவில் எச்.டி. லைனைப் பார்த்து, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தை ஒப்பிட்டாலே வறண்ட கண்டன்சர் தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் புரோப்பை ஸ்பிரிட்டில் துடைத்து வைக்கவும், ஏனெனில் விரல் வியர்வையும் உப்பும் படிந்த புரோப் தானே கசியத் தொடங்கும். நெடுநாள் எடுக்கப்போவதில்லையென்றால் உள்ளிருக்கும் செல்லைக் கழற்றிவிடவும்.