கனடாப் பெட்டி வந்த அன்றே வீடியோ டெக்கைத் தேடாதீர்கள்: பேஸ்போல் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 இல் ரொறன்ரோவின் புளூ ஜேஸ் அணி, மேஜர் லீக் பேஸ்போலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம் வரை போய் டொட்ஜர்ஸிடம் தோற்றதிலிருந்து, திருகோணமலையில் என்னிடம் பேஸ்போல் சாமான் பற்றிக் கேட்டு வருகிற இளம் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். உவர்மலையிலோ உப்புவெளியிலோ எந்த வீட்டில் கேட்டாலும் ரொறன்ரோவில் ஒரு சித்தப்பாவோ மாமியோ இருப்பார்கள். அவர்களிடம் 80 களிலும் 90 களிலும் ரீவியிலிருந்து பதிந்த வீடியோ கசெற்றுகள், ஆட்டத்துக்குப் போன ரிக்கெற்றுகள், தொப்பிகள், வீரர் படம் அச்சிட்ட அட்டைகள் எல்லாம் கிடக்கும். ஒரு தொலைபேசி அழைப்பில் பெட்டி கப்பலேறிவிடும்.

பெட்டி வந்த பிறகு நடப்பதைப் பார்த்தால்தான் மனம் பதைக்கிறது. முன்பு நாங்கள் செய்த அதே பிழைகளை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். தூசு படாமல் வைக்கவேண்டும், வெயிலில் போடக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெட்டியைப் பிரித்த அன்றே கசெற்றைப் போட்டுப் பார்ப்பது

இதைத்தான் நான் நீளமாகச் சொல்லப்போகிறேன். இதைவிடப் பெரிய நட்டம் இந்தச் சேகரிப்பில் வேறில்லை.

உப்புவெளியில் ஒரு தம்பிக்கு மார்கழி மழைக்குள் பெட்டி வந்தது. ஸ்காபறோவில் இருக்கும் அவருடைய மாமி அனுப்பியது. உள்ளே 1993 வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டம் இருந்தது. பிலடெல்பியா பிலீஸுக்கு எதிராக புளூ ஜேஸின் ஜோ காட்டர் கடைசி இன்னிங்ஸில் பந்தை வேலிக்கு அப்பால் தூக்கி ஹோம் ரன் அடித்து, 8க்கு 6 என்று கிண்ணத்தையே முடித்துவைத்த ஆட்டம். அதோடு மேலே ஒன்றும் பெரிதாக எழுதாத சாதாரண ஆட்டங்கள் ஒரு கட்டு.

அன்று பின்னேரமே வீட்டார் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். நல்ல கசெற்றை முதலில் போட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று, ‘சும்மா டெஸ்ட் பண்ண’ ஒரு சாதாரண ஆட்டத்தை டெக்கில் தள்ளியிருக்கிறார். கொஞ்ச நேரம் படம் வந்தது, பிறகு திரை முழுக்கப் புள்ளி மழை. டெக்கா கசெற்றா பிழை என்று பார்க்க இன்னொரு கசெற். அதுவும் புள்ளி. மூன்றாவதைப் போட்டபோது நாடா உள்ளே சிக்கிக் கசங்கியது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழைப்பு வந்தது.

“அண்ணை, டெக் பழுதாப் போச்சு, ஒருக்கா வந்து பாருங்கோ.”

“கசெற்றை முதல்ல பாத்தனியா?”

“மேல நல்லாத்தானே இருந்தது அண்ணை.”

மேலே நல்லாகத்தான் இருக்கும். கசெற்றின் கண்ணாடி ஜன்னலுக்கு நேரே டோர்ச் பிடித்து, சுற்றியிருக்கும் நாடாவின் விளிம்பைப் பார்க்கவேண்டும். அங்கே மா தூவியதுபோல வெள்ளையாகவோ சிலந்தி வலைபோலவோ தெரிந்தால் அது பூஞ்சணம். அந்தத் தம்பியின் கசெற்றுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன. இங்கே வந்து பிடித்ததல்ல. ரொறன்ரோ வீடுகளின் நிலக்கீழ் அறைகளில் வருடக்கணக்காக ஈரத்தில் கிடந்தபோது பிடித்தது. அதோடு கப்பலில் வாரக்கணக்காக மூடிய பெட்டிக்குள் வேர்த்து, நம்முடைய வாடைக்காற்று மாதத்தில் வந்து இறங்கினால் அது செழித்து வளராமல் என்ன செய்யும்?

டெக்குக்குள் நடப்பது இதுதான். அமெரிக்க, கனடா முறைக் கசெற் ஓடும்போது நாடாவைப் படிக்கிற ஹெட் இருக்கும் உருளை நிமிடத்துக்கு 1,800 தடவை சுற்றுகிறது. நாடா அதைத் தழுவிக்கொண்டு போகிறது. பூஞ்சணத் துகள் ஹெட்டில் அடைத்தால் படம் மறையும். நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுக்கும்போது காந்தப் பூச்சே உரியும். உரிந்த இடத்தில் இருந்த ஆட்டம் அவ்வளவுதான், எந்த நிபுணராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அடுத்துப் போடுகிற நல்ல கசெற்றுக்கும் அந்தத் துகள் போய் ஒட்டும். தம்பி ‘டெக்கைச் சரிபார்க்க’ என்று போட்ட ஒவ்வொரு கசெற்றும் நோயை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தது.

இன்னொன்றையும் யோசியுங்கள். பேஸ்போல் ஆட்டம் இரண்டரை, மூன்று மணித்தியாலம் போகும். ரி-120 கசெற்றில் சாதாரண வேகத்தில் 2 மணித்தியாலம்தான் பதியலாம். அதனால் நம் ஆட்கள் 6 மணித்தியாலம் பிடிக்கும் மெதுவான வேகத்தில் பதிந்துவைத்தார்கள். சாதாரண வேகத்தில் நாடாவில் ஒரு தடத்தின் அகலம் 58 மைக்ரோன், மெதுவான வேகத்தில் வெறும் 19. சின்னக் கீறலும் படத்தில் பெரிதாகத் தெரியும்.

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது எதில் தெரியுமா? காப்பாற்றவேண்டும் என்று அவர் ஒதுக்கிவைத்த 1993 ஆட்டம் உலகம் முழுக்கக் கிடைக்கிறது. மேஜர் லீக் நிறுவனமே முழு ஆட்டத்தையும் வெளியிட்டிருக்கிறது. ‘டெஸ்டுக்கு’ பலிகொடுத்த கசெற்றுகளில் ஒன்று 1988 கோடையில் புளூ ஜேஸின் பழைய மைதானமான எக்ஸிபிஷன் ஸ்டேடியத்தில் நடந்த ஒரு வாரநாள் ஆட்டம். அந்த மைதானத்தையே 1999 இல் இடித்துவிட்டார்கள். அப்படியான ஒரு வாரநாள் ஆட்டத்தை, இடையில் வந்த ரொறன்ரோக் கடை விளம்பரங்களோடும் ஆட்டத்துக்கு முந்திய பேச்சோடும் எத்தனை பேர் பத்திரமாக வைத்திருப்பார்கள்? தொடக்கக்காரர் எல்லாரும் புகழ்பெற்ற ஆட்டத்துக்குப் பின்னால் ஓடுகிறார்கள். பெட்டியில் பெறுமதியானது பெரும்பாலும் அந்தப் பெயரில்லாத கட்டுத்தான்.

சரி, என்ன செய்வது? பெட்டி வந்தால் வீட்டு மண்டபத்தில் பிரிக்காமல் வெளித் திண்ணையில் பிரியுங்கள். முகக்கவசம் போடுங்கள், பூஞ்சணத் தூள் நெஞ்சுக்கு நல்லதல்ல. ஒவ்வொன்றாக டோர்ச் பிடித்துப் பார்த்து, சந்தேகமானவற்றைத் தனிப் பெட்டியில் பிரித்து வையுங்கள். சிலிக்கா ஜெல் போட்டு மூடிப் பல வாரம் காயவிடுங்கள். காய்ந்த பூஞ்சணம் உதிரும், ஈரமானது அப்பிக்கொள்ளும். ஆகவே மாரியில் வந்த பெட்டியைக் கச்சான் காற்றுக் காலம் வரை வைத்திருப்பது பிழையில்லை. முப்பது வருடம் பொறுத்த நாடா இன்னும் ஐந்து மாதம் பொறுக்கும்.

காய்ந்த பிறகு, ஆட்டம் போட்டுப் பார்க்கிற டெக்கில் அல்லாமல், சுத்தம் செய்வதற்கென்றே ஒதுக்கிய ஒரு பழைய டெக்கில் மூடியைத் திறந்துவைத்து, நூல் உதிராத துணியை நாடாவின் மேல் மெல்லத் தொட்டபடி முன்னும் பின்னும் சுற்றவேண்டும். ஒவ்வொரு கசெற்றுக்குப் பிறகும் டெக்கை ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைக்கவேண்டும். ஹெட்டை மேலும் கீழும் தேய்க்காதீர்கள், பஞ்சுக் குச்சியும் வேண்டாம். பஞ்சு நூல் மாட்டினால் ஹெட்டின் சின்னத் துண்டு உடைந்துவிடும். மான்தோல் (ஷாமி) துணியை அசையாமல் பிடித்து உருளையைக் கையால் சுற்றுங்கள். கசெற் உறையும் பூஞ்சணமாக இருந்தால் ஐந்து திருகாணியைக் கழற்றி நாடாவைச் சுத்தமான உறைக்கு மாற்றலாம்.

டெக்கையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இனி உலகத்தில் இருப்பவை பழையவை மட்டும்தான்.

படம் உருண்டால் கசெற் பழுது என்று எறிவது

கனடாக் கசெற் என்ரிஎஸ்சி முறை: 525 கோடு, நொடிக்கு ஏறக்குறைய 30 பிரேம். நம் நாட்டு ரீவி பால் முறை: 625 கோடு, 25 பிரேம். பால் மட்டும் தெரிந்த டெக்கில் கனடாக் கசெற்றைப் போட்டால் படம் உருளும், நிறம் வராது. கசெற்றில் ஒரு பிழையும் இல்லை. சவுதி, குவைத் போய்வந்தவர்கள் கொண்டுவந்த மல்டி சிஸ்டம் டெக் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அதைத் தேடிப் பிடியுங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அவற்றில் பல, பால் ரீவிக்கு ஏற்றபடி நிறத்தை மாற்றி அனுப்புபவை. ரீவியில் அழகாகத் தெரியும், கணினிக்கு எடுக்கும்போது கறுப்பு வெள்ளையாக விழும். அப்போதும் கசெற்றைக் குறை சொல்லாதீர்கள். தனி என்ரிஎஸ்சி டெக் ஒன்றைக் கனடாவிலிருந்தே எடுப்பித்து, 110 வோல்ட் மாற்றியோடு பாவிப்பதுதான் நேரான வழி. மாற்றி இல்லாமல் நம் 230 வோல்ட்டில் குத்தினால் டெக் அந்த இடத்திலேயே முடிந்தது.

டிவிடியும் அப்படித்தான். கனடா டிவிடி வலயம் 1, நம்முடையது வலயம் 5.

கொப்பி எடுக்கும் கடையில் ‘25 பிரேமுக்கு மாத்தித் தாங்கோ’ என்பது

கலியாண வீடியோவுக்கு அது போதும், பேஸ்போலுக்குக் காணாது. மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் எறிகிற பந்து, எறிபவர் கையிலிருந்து மட்டைக்காரரிடம் வர ஏறக்குறைய 0.4 நொடிதான். கசெற்றில் நொடிக்கு ஏறக்குறைய 60 அரைப்படங்கள் இருப்பதால் அந்தப் பந்து 24 இடத்தில் பதிந்திருக்கும். 25 பிரேமுக்குக் கலந்து மாற்றினால் அது 10 மங்கல் புள்ளியாகச் சுருங்கும். பந்து வளைந்ததா, விழுந்ததா என்று பார்க்கத்தானே இந்த ஆட்டத்தைச் சேர்க்கிறோம்? கசெற்றில் இருந்தபடியே 720க்கு 480 அளவில் எடுத்து வையுங்கள். அழகுபடுத்துவதைப் பிறகு ஒரு கொப்பியில் செய்யலாம். விளம்பரங்களையும் வெட்டச் சொல்லாதீர்கள்.

கணினிக்கு எடுத்த பிறகு கசெற்றை எறிவதும் வேண்டாம்.

ரிக்கெற்றை லமினேற் செய்வது

நம் ஊரில் பிறப்புச் சான்றிதழ் முதல் பள்ளிக்கூடச் சான்றிதழ் வரை எல்லாவற்றையும் லமினேற் செய்து பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தில் ஒரு பிள்ளை, மாமா அனுப்பிய ஆட்ட ரிக்கெற்றுகளைக் கொண்டுபோய் ஒரு கடையில் கொடுத்தார். மெஷினுக்குள் போனது ரிக்கெற், வந்தது கறுத்த பிளாஸ்டிக் துண்டு. பல ரிக்கெற்றுகள் மை இல்லாமல் சூட்டால் அச்சிடும் தாளில் வந்தவை. கடையில் பற்றுச்சீட்டு தருகிற அதே தாள். நூறு பாகைக்கு மேல் சூடான உருளைக்குள் விட்டால் முழுத் தாளும் கறுக்காமல் என்ன செய்யும்? கறுக்காத பழைய ரிக்கெற்றானாலும் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. பொலிபுரோபிலீன் உறை வாங்கி அதற்குள் தளர்வாக வையுங்கள். மெழுகுபோல மெத்தென்று இருக்கும், மணக்கிற பிவிசி அல்பம் அட்டைகளுக்கும் ஆகாது. அதிலிருந்து கசிகிற எண்ணெய்ப் பிசுக்கு அச்சைத் தின்னும்.

தொப்பியைக் கழுவுவது

பழைய தொப்பியின் முன் விளிம்புக்குள் கடதாசி மட்டை இருக்கும், நனைந்தால் நைந்துபோகும்.

நப்தலீன் உருண்டை

வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும்.

மங்கிய கையொப்பத்தின் மேல் பேனாவால் எழுதுவது

ஒருபோதும் கூடாது.

உறவினர் ஆட்டத்துக்குப் போய்ப் பந்தில் கையொப்பம் வாங்கப்போகிறார் என்றால், நீலக் குமிழ்முனைப் பேனா கொண்டுபோகச் சொல்லுங்கள். மார்க்கர் மை தோலில் ஊறிப் பரவிவிடும்.

சான்றிதழ்த் தாளைப் பார்த்துப் பந்து வாங்குவது

வெள்ளைத் தாளில் ‘உண்மையானது’ என்று அச்சிட்டுக் கையெழுத்து வைக்க யாராலும் முடியும். 1990 களில் அமெரிக்காவில் போலிக் கையொப்பம் விற்ற கூட்டங்களை எஃப்பிஐ தனி விசாரணை நடத்திப் பிடித்தது. அவர்கள் விற்றவையும் சான்றிதழோடுதான் போயின. 2001 இலிருந்து மேஜர் லீக் தானே ஒரு சான்றளிக்கும் முறை வைத்திருக்கிறது. கையொப்பம் இடுவதையோ ஆட்டத்தில் பந்து பாவிக்கப்படுவதையோ நேரில் கண்ட ஒருவர் இருந்தால்தான் ஹோலோகிராம் ஒட்டுவார்கள். அதிலுள்ள இலக்கத்தை இணையத்தில் போட்டுப் பார்த்தால் எந்த ஆட்டம், என்ன பொருள் என்று வரும். அது இல்லாத பந்தை விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சாதாரணப் பந்தின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

90 களின் வீரர் அட்டைப் பெட்டிக்குப் பணம் கட்டுவது

80 களின் கடைசியிலும் 90 களின் தொடக்கத்திலும் டொப்ஸ், டொன்றஸ், ஃபிளியர் என்ற அட்டை நிறுவனங்கள் எல்லாம் அளவுக்கு மீறி அச்சடித்துக் குவித்தன. பிரிக்காத பெட்டியே மலிவாகக் கிடைக்கிறது. ஆசைக்கு வையுங்கள், சும்மா வந்தால் வாங்குங்கள். கப்பல் செலவு கொடுத்து எடுப்பிக்காதீர்கள்.

வானொலிக் கசெற்றை ஒதுக்குவது

டொம் சீக் என்ற அறிவிப்பாளர் 1977 இல் புளூ ஜேஸ் அணி பிறந்த முதல் ஆட்டத்திலிருந்து 2004 வரை தொடர்ந்து 4,306 ஆட்டங்களை வானொலியில் சொன்னவர். வேலைக்குப் போகிற வழியில் காரில் அவர் குரலைக் கேட்டுத்தான் நம் ஆட்கள் பலர் இந்த ஆட்டத்தையே விளங்கிக்கொண்டார்கள். பெட்டி அனுப்புகிறவர்கள் ஒலிக் கசெற்றைப் ‘பழைய பாட்டுக் கசெற்’ என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

திகதி எழுதாமல் அடுக்குவது

கசெற்றின் மேல் ‘ஜேஸ் மட்ச்’ என்று மட்டும் எழுதியிருந்தால், முதலில் அனுப்பியவரிடம் தொலைபேசியில் கேளுங்கள், எந்த வீட்டில் இருந்தபோது பதிந்தது என்றாவது நினைவிருக்கும். அப்புறம் மைதானத்தைப் பாருங்கள். ரொறன்ரோவில் நடந்த ஆட்டம் எக்ஸிபிஷன் ஸ்டேடியம் என்றால் 1989 மே மாதம் அல்லது அதற்கு முன், அடுத்து வந்த மைதானமான ஸ்கைடோம் என்றால் 1989 ஜூன் அல்லது அதற்குப் பின். அதன் பிறகு இரண்டு அணியின் தொடக்க எறிவீரர் பெயரையும், ஒவ்வொரு இன்னிங்ஸ் ஓட்டத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ரெட்ரோஷீட் தளத்தில் பழைய ஆட்டங்களின் விபரம் திகதிவாரியாக இருக்கிறது. எறிவீரர் இருவரும் ஓட்டங்களும் பொருந்துகிற ஆட்டம் ஒன்றுதான் வரும். அந்தத் திகதியைக் கசெற் உறையில் பென்சிலால் எழுதி, கணினிக் கோப்பின் பெயரிலும் அதையே வையுங்கள்.