கிட்டாரோடு விமானம் ஏறும் முன்

நாகர்கோவிலில் இருந்து பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம்தான். போகும் வழியில் வெயிலில் நிற்கும் கார் டிக்கிக்குள் கிட்டாரை விட்டுவிடாதீர்கள். சூட்டில் பிரிட்ஜின் (உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) பசை இளகும்.

பயணத்தில் பெரும்பாலும் உடைவது கழுத்தும் தலையும் சேரும் இடம். அங்கே மரம் மெலிசு. ஆறு ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்டி மல்லாக்க விழுந்தால் தலையின் கனமும் அந்த இழுவையும் சேர்ந்து மரத்தை முறித்துவிடும். அதனால் கம்பிகளை இரண்டு மூன்று சுரம் இறக்குங்கள், கழற்ற வேண்டாம். தலைக்கு அடியிலும் மேலும் பழைய துவர்த்தை (துண்டை) மடித்துத் திணியுங்கள். மூடி, மெல்ல ஆட்டுங்கள். உள்ளே 'டக்' என்று கேட்டால் இன்னொரு துவர்த்து வேண்டும்.

துணி உறை போதவே போதாது, ஹார்டு கேஸ்தான். கம்பி வெட்டும் கட்டர் செக்-இன் பையில், பவர் பேங்க் கைப்பையில்.

கடலோர ஈரத்தில் பழகிய மரம் வளைகுடா ஏசி அறையில் உலர்ந்து வெடிக்கும். துளையிட்ட சோப்பு டப்பாவில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சு போட்டு, கிட்டார் பெட்டிக்குள் வையுங்கள்.

இறங்கியதும் பெல்ட் பக்கத்திலேயே திறந்து பாருங்கள். சேதம் இருந்தால் படம் எடுத்து, வெளியே வரும் முன் எழுத்தில் புகார் கொடுங்கள்; வெளிநாட்டுப் பயணத்தில் கெடு 7 நாள்.