15 மி.மீ. ரோமானியப் படைக்கு முகாம் தளம்

மேசைமேல் சிறு பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டில், ஓர் ஆள் சுமார் 15 மி.மீ. உயரமுள்ள ரோமானியப் படைக்கு முகாம் மாதிரி செய்யும் முறை இது. தளத்தை வெட்டுவதற்கு முன் விளையாட்டின் விதிப்புத்தகத்தில் நீள அகல வரம்பைப் பாருங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். அடியில் 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை போதும். அட்டை வேண்டாம், பசை காயும்போது வளைந்துவிடும். பலகையும் வளையாமலிருக்க அடிப்பக்கம் ஒரு கோட் பெயின்ட் அடியுங்கள்.

அகழியில் தோண்டிய மண்ணைத்தான் ரோமானியர் உள்பக்கம் கரையாகக் குவித்தார்கள். ஆகவே பள்ளம் வெளியே, கரை உள்ளே. மணிமணியாக உதிராத ஃபோமை 10 மி.மீ. உயரத்தில் சரிவாகச் சீவி ஒட்டி, புட்டி பூசுங்கள். ஃபோம் வெளியே தெரிந்தால் ஸ்ப்ரே பெயின்ட் அதைக் கரைத்துக் குழியாக்கும், பிரஷ்தான் பாதுகாப்பு. பல்குத்தும் குச்சிகளை 12 மி.மீ. அளவில் நறுக்கி, புட்டி ஈரமாக இருக்கும்போதே கரைமேல் வேலியாகக் குத்துங்கள். கொஞ்சம் முன்பின் சாய்ந்து நிற்பதே அழகு.

தளத்துக்கு உயிர் கொடுப்பது கூடாரம். எட்டுப் பேர் படுக்கும் தோல் கூடாரம் ஏறத்தாழ 3 மீட்டர் சதுரம். இந்த அளவில் அடிப்பகுதி 30 மி.மீ. சதுரமாக வரும்படி அட்டையை முக்கோணமாக மடித்து, வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிபாதி கலந்து, அதில் நனைத்த டிஷ்யூவைப் போர்த்துங்கள். ஈரத்தில் ஊசிமுனையால் தையல் கோடுகளை இழுக்கலாம். வெள்ளை நிறம் தோலுக்குப் பொருந்தாது. அடர்பழுப்பு அடித்து, காய்ந்தபின் இளம்பழுப்பில் தோய்த்த பிரஷைக் கிட்டத்தட்ட வறளத் துடைத்து, மடிப்பு மேடுகளில் மட்டும் தேயுங்கள்.

தரைக்கு மணல் ஒட்டியபின், பெயின்ட் அடிக்கும் முன் ஓர் இரவு காயட்டும்; அவசரப்பட்டால் பிரஷோடு பெயர்ந்து வரும். புல்லை அகழிக்கு வெளியே மட்டும் தூவுங்கள். புதிதாகக் குவித்த கரையில் புல் இருக்காது.