மறதிநோயாளரும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் தொண்டு செய்ய வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மறதிநோய் என்றவுடன் அந்த மனிதருக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்றே யோசிக்கிறோம். அவர் ஊருக்கு என்ன செய்து தர விரும்புகிறார் என்று கேட்பதில்லை. இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. கோயில் திருப்பணி, அன்னதானம், நூலகம் என்று ஆள் தேடி அலையும் நாம், இத்தனை பேரையும் அவர்களுடைய வீட்டாரையும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்பதுதான் முதல் தவறு.

அல்சைமர் வகை மறதிநோயில் பெரும்பாலும் அண்மை நினைவுகளே முதலில் நழுவுகின்றன; கை பழகிய வேலை பலருக்கு நெடுநாள் நிற்கிறது. எங்கள் தெருக் கோயிலில் சில காலம் முன்பு வரை பூத்தொடுத்த மூதாட்டி ஒருவருக்கு அன்று என்ன கிழமை என்று தெரியாது. ஆனால் வாழைநாரை விரலில் கொடுத்து, இந்தப் பக்கம் இரண்டு மல்லிகை, அந்தப் பக்கம் இரண்டு மல்லிகை என்று அவர் முடிச்சிட்ட வேகத்தை அருகில் இருந்தவர்களால் எட்ட முடியவில்லை. எத்தனை முழம் ஆயிற்று என்று அளப்பது மட்டும் அவருக்கு ஆகவில்லை. அதை இன்னொருவர் பார்த்துக்கொண்டால் போதுமாக இருந்தது. வேறோர் இடத்தில் இதே போன்ற ஒருவர் தொடுத்த சரத்தை, அவர் வீட்டுக்குப் போன பிறகு பிரித்துப் போட்டதைக் கண்டேன். பொழுது போவதற்காகக் கொடுக்கும் பொய்வேலை தொண்டு ஆகாது. அவர் கைப்பட்டது பயன்பட வேண்டும், இல்லையென்றால் அது அவரை ஏமாற்றுவதாகும்.

ஒரு வேலையின் எல்லாப் படிகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது அடுத்த தவறு. ஒரு படி முடிந்த பிறகு அடுத்ததைச் சொன்னால் அவர் தடுமாற மாட்டார். "என்னைத் தெரிகிறதா, யார் சொல்லுங்கள்?" என்று சோதிப்பதையும் விட்டுவிட வேண்டும், நம் பெயரை நாமே சொல்லிக்கொண்டு பேச்சைத் தொடங்குவதில் நமக்கொன்றும் குறைந்துவிடாது. பொழுது சாயும் நேரத்தில் பலருக்குப் பதற்றம் கூடும் என்பதால் காலை நேரமே நல்லது. வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடி சிலர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரிந்து காலைத் தயங்க வைக்கும், அதை எடுத்துவிடுங்கள்.

பார்த்துக்கொள்பவரின் நிலை வேறு. இவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 5 மணி நேரம் கவனிப்பில் செலவிடுகிறார்கள் என்றும், கவனிப்பு நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களுக்கு மனம் இல்லாமல் இல்லை, நாளை காலை எப்படி விடியும் என்று உறுதி இல்லை. இரவெல்லாம் தூங்காத மாமனாரை விட்டுவிட்டு ஒரு மருமகள் ஒன்பது மணிக்கு வந்து நிற்க முடியாது. அப்படியிருக்க, வாரந்தோறும் இந்த நாள், இந்த மணி, தவறினால் முன்கூட்டியே காரணம் சொல்ல வேண்டும் என்று விதி வைப்பது, வராதீர்கள் என்று சொல்வதற்குச் சமம். ஒரு முறைக்கு இருவர் பெயரைப் போட்டுவைத்து, யார் வந்தாலும் சரி என்று விட்டுவிடலாம். கணக்கெழுதுவது, தொலைபேசியில் நினைவூட்டுவது போன்றவற்றை வீட்டிலிருந்தே செய்யக் கொடுக்கலாம்.

"உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கிறதே" என்று சொல்லி அவரை மற்ற நோயாளிகளைக் கவனிக்க அமர்த்துவதும், அவர் தாமே அழைத்து வந்தவரின் அருகிலேயே உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்ப்பதும் நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகள். வீட்டில் செய்யும் வேலையையே இடம் மாற்றிச் செய்யச் சொல்கிறோம். சிலர் சேர்ந்து செய்யவே விரும்புவார்கள். சிலருக்கு அந்த இரண்டு மணி நேரம் புத்தகம் அடுக்குவதே மூச்சு விடும் நேரம். இருவரையும் தனித்தனியே கேளுங்கள். மறதிநோயாளரைப் பற்றி அவர் எதிரிலேயே வீட்டாரிடம் கேட்பதும், அவர் சம்மதம் இல்லாமல் படம் எடுத்துப் பரப்புவதும் கூடாது.

நோய் முற்றும்போது சொல்லாமல் கொள்ளாமல் அழைப்பதை நிறுத்திவிடுவதுதான் மிகவும் வலிக்கும் தவறு. அடுத்த சிறிய வேலை எது என்பதை முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். எங்கள் மூதாட்டியால் இப்போது முடிச்சிட முடிவதில்லை. வாடிய பூவைக் கிள்ளி ஒதுக்குகிறார். உட்காரும் தூண் அதேதான், பூக்கூடையும் அவர் மடிக்குத்தான் முதலில் போகிறது.