வெப்மெயில் எழுதியாயிற்று, உரிமம் எதை வைப்பது?

சில வருடங்களுக்கு முன் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் கோவில் சங்கத்துக்காக ஒரு சின்ன நிரல் எழுதினேன். தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுப்பவர்களைப் பதிவு செய்து, விரதம் தொடங்கும் நாளையும் ஊர்வலம் புறப்படும் நேரத்தையும் மின்னஞ்சலில் அனுப்பும். நிரலைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமக் கோப்பில் யோசிக்காமல் எம்ஐடியைப் போட்டேன். யாரும் எடுத்து மாற்றி விற்கவும் விடும் தளர்வான உரிமம் அது. ஒரு நிறுவனம் அதை எடுத்து, தமிழ்ப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கும் இடத்தில் இருந்த பிழையைத் திருத்தி, மாத வாடகைக்கு விட்டது. எங்கள் சங்கமும் அதற்கே மாறியது. பிறகு அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். திருத்திய நிரலைக் கேட்டோம், தரவில்லை. தர வேண்டும் என்று நான் போட்ட உரிமம் சொல்லவும் இல்லை.

இப்போது நண்பர்கள் இருவரோடு ஒரு வெப்மெயில், அதாவது பிரவுசரிலேயே மின்னஞ்சல் படிக்கவும் எழுதவும் உதவும் நிரல், எழுதியிருக்கிறேன். தமிழ், பிரெஞ்சு, கிரியோல் மூன்றிலும் திரை வரும். இந்த முறை உரிமத்துக்கே மூன்று வாரம் உட்கார்ந்தோம்.

முதலில், எந்த உரிமம் பிடிக்கும் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றவர்களிடமிருந்து எதையெல்லாம் எடுத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். வெப்மெயிலில் சிக்கல் வரும் இடம் கடிதம் எழுதும் பெட்டிதான். அதற்குப் பலரும் ஆயத்த நிரல் ஒன்றை எடுத்து வைப்பார்கள். அப்படிப்பட்ட டைனிஎம்சிஇயின் 6ஆம் பதிப்பு எம்ஐடியில் இருந்தது. 2024இல் வந்த 7ஆம் பதிப்பு ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தையது. ஜிபிஎல் என்பது, நிரலை இன்னொருவருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்கச் சொல்லும் உரிமம். வேண்டாம் என்றால் காசு கொடுத்து வேறு உரிமம் வாங்கலாம். சிகேஎடிட்டர் 5உம் அப்படியே. குவில் என்ற இன்னொன்று, எம்ஐடி போலத் தளர்வான பிஎஸ்டி உரிமத்தில் இருக்கிறது. உங்கள் நிரலுக்கு எம்ஐடி போட்டுவிட்டு டைனிஎம்சிஇ 7ஐ உள்ளே வைத்து ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால், அந்தக் கட்டு முழுவதும் ஜிபிஎல் நிபந்தனைக்குள் வந்துவிடும்.

அடுத்து "மட்டும்", "அல்லது பிந்தையது" என்ற சொற்களைப் பாருங்கள். அப்பாச்சி 2.0 என்ற தளர்வான உரிமத்தில் உள்ள நிரலை ஜிபிஎல் 3இல் சேர்க்கலாம், "ஜிபிஎல் 2 மட்டும்" என்றிருக்கும் நிரலில் சேர்க்க முடியாது. வரும் மடலில் உள்ள எச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்யும் டோம்பியூரிஃபை, அப்பாச்சி 2.0, எம்பிஎல் 2.0 என்று இரண்டு உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள விடுகிறது. மொழிபெயர்ப்பையும் மறக்காதீர்கள். வேறொரு வெப்மெயிலின் தமிழ்ச் சொற்கோப்பை நகலெடுத்தால் அதன் உரிமமும் கூடவே வரும். நாங்கள் எங்கள் சொற்களை நாங்களே எழுதினோம். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். அது எழுத்துருக்களுக்கென்றே உள்ள ஓஎஃப்எல் உரிமத்தில் இருப்பதால் நிரலோடு சேர்த்துக் கொடுக்கத் தடையில்லை.

சரி, இனி உண்மையான கேள்வி. ஜிபிஎல் நிரலின் நகலை ஒருவர் இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான் அதன் நிபந்தனை விழித்துக்கொள்ளும். வெப்மெயிலில் அப்படி யார் கையில் என்ன போகிறது? பிரவுசருக்கு ஜாவாஸ்கிரிப்ட் போகிறது, அதற்கு நிபந்தனை உண்டு. ஆனால் மடலைப் பிரித்து, தேடி, அடுக்கும் வேலையெல்லாம் சர்வரில் நடக்கிறது. அங்கே ஒருவர் எவ்வளவு மாற்றினாலும் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஜிபிஎல் போட்டிருந்தால்கூட எங்கள் காவடிப் பதிவுக்கு நடந்ததேதான் நடந்திருக்கும் என்பது ஜிபிஎல்லைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் ஏஜிபிஎல் 3. ஜிபிஎல் 3 வந்த 2007ஆம் ஆண்டிலேயே, நவம்பரில் வெளியானது. அதன் 13ஆம் பிரிவு சொல்வது இது: நிரலை மாற்றி இணையத்தில் ஓட்டினால், அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்த மாற்றிய மூல நிரல் கிடைக்க வழி செய். மாற்றாமல் அப்படியே ஓட்டுகிறவருக்கு இந்தச் சுமை இல்லை. காசு வாங்கவும் தடை இல்லை. எங்கள் வெப்மெயிலுக்கு இதையே வைத்தோம். மற்ற வெப்மெயில்களைப் பார்த்தால், ஸ்குவிரல்மெயில் ஜிபிஎல் 2, ரவுண்ட்கியூப் ஜிபிஎல் 3, ஸ்னாப்பிமெயில் ஏஜிபிஎல் 3 என்று எல்லா வழியிலும் போனவர்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும்: ஏஜிபிஎல் நிரலைத்தான் திறந்து வைக்கும். உங்கள் அம்மாவின் கடிதத்தைச் சர்வர்க்காரர் படிக்காமல் தடுப்பது அதன் வேலை இல்லை.

எல்லாவற்றுக்கும் அதே உரிமம் வேண்டும் என்பதும் இல்லை. பொருள் வரியில் தமிழ் எழுத்துகள் பாதியில் வெட்டுப்பட்டு வந்தாலும் ஒட்டவைத்துக் காட்டும் பகுதியைத் தனி நூலகமாகப் பிரித்து அப்பாச்சி 2.0 கொடுத்தோம். அதைக் கம்பெனிக்காரரும் எடுத்துப் போகட்டும், எல்லாப் பெட்டியிலும் தமிழ் சரியாகத் தெரியட்டும். கண்டுபிடிப்புக்கான காப்புரிமை (பேட்டன்ட்) பற்றி எம்ஐடி எதுவும் பேசுவதில்லை, அப்பாச்சி பேசுகிறது. அதனால் இரண்டில் இது.

நண்பர் ஒருவர், "கோவிலும் பள்ளியும் பயன்படுத்தலாம், வியாபாரிகள் கூடாது என்று போடுவோமே" என்றார். அவர் மனசு எனக்குப் புரிந்தது. ஆனால் அப்படிப் போட்டால் அது யாரும் எதற்கும் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளே ஆகாது, லினக்ஸ் தொகுப்பான டெபியனை வெளியிடுவது போன்றவர்கள் தங்கள் முதன்மைத் தொகுப்பில் சேர்க்கவும் மாட்டார்கள். நீங்களாகவே சொந்தமாக ஒரு உரிமம் எழுதவும் உட்காராதீர்கள்.

பிறர் எழுதிச் சேர்க்கும் கூடுதல் செருகு நிரல்களுக்கு (பிளகின்) என்ன உரிமம் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். ரவுண்ட்கியூப் தோற்றங்களுக்கும் செருகு நிரல்களுக்கும் தனி விலக்கு எழுதி வைத்திருக்கிறது. ஏஜிபிஎல்லின் 7ஆம் பிரிவு அப்படிக் கூடுதல் அனுமதி கொடுக்க இடம் தருகிறது.

அப்புறம், கொடுக்கும் உரிமை உங்களுடையதுதானா? எங்களில் இருவருக்கு, கணினி நிறுவனங்கள் இருக்கும் எபென் சைபர் சிட்டியில் வேலை. வேலை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, வீட்டில் எழுதியது எங்களுடையதே என்று முதலாளியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டோம். பிறர் திருத்தம் அனுப்பும்போது, லினக்ஸ் கெர்னலில் 2004 முதல் உள்ளதுபோல, "இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு" என்று ஒவ்வொரு திருத்தத்திலும் ஒப்பமிடச் சொல்கிறோம். உரிமத்தைப் பின்னால் மாற்ற வேண்டுமானால் எழுதிய எல்லோரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருக்கும். அதனால் முதல் வெளியீட்டுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

கடைசியில் கைவேலை. உரிமத்தின் முழு வாசகத்தையும் ஒரு எழுத்துகூட மாற்றாமல் மேல் அடைவில் வையுங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பெயர், ஆண்டு, உரிமத்தைச் சுருக்கமாகக் குறிக்கும் எஸ்பிடிஎக்ஸ் குறியீடு ஒரு வரி. உள்நுழையும் பக்கத்தின் அடியில் "மூல நிரல்" என்று ஒரு இணைப்பு. எங்களுடையதில் அது மூன்று மொழியிலும் இருக்கிறது.