மீசோதெலியோமா: அப்பாவின் பழைய வேலை விவரத்தை டாக்டரிடம் கொண்டுசேர்ப்பது எப்படி

எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு நெஞ்சின் ஒரு பக்கத்தில் மட்டும் நீர் கோத்திருந்தால், அவர் இருபது வயதில் என்ன வேலை பார்த்தார் என்பது டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அந்த வேலையில் அஸ்பெஸ்டாஸ் தூசி இருந்திருந்தால், மீசோதெலியோமா என்ற புற்றுநோயையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும். ஆனால் கூட்டம் நிரம்பிய அரசாங்க ஆஸ்பத்திரியில் "என்ன வேலை?" என்று கேட்டால் "பென்சன்" என்று பதில் வரும், பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆகவே அந்த விவரத்தை வீட்டிலேயே உட்கார்ந்து எழுதி, கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

தூசிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு

நுரையீரலைச் சுற்றி மெல்லிய இரட்டை உறை உண்டு. மீசோதெலியோமா பெரும்பாலும் அந்த உறையில்தான் தொடங்குகிறது. நுரையீரலுக்குள் வரும் புற்றுநோய் வேறு. ஐந்தில் நான்கு பேருக்கு நெஞ்சிலும், மீதிப் பேரில் பலருக்கு வயிற்று உறையிலும் வரும். வயிற்றில் வந்தால் முதலில் தெரிவது வயிறு உப்புவது.

அஸ்பெஸ்டாஸ் மண்ணிலிருந்து எடுக்கும் கனிமம். உடைக்க உடைக்க நீளவாக்கில் பிளந்து இழையாகும். ஆய்வகத்தில் எண்ணும் இழை 5 மைக்ரானுக்கு மேல் நீளமும் 3 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனும் உள்ளது. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். ஆகவே ஆபத்தான தூசி கண்ணுக்கே தெரியாமல் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். உள்ளே போன நீளமான இழையை உடலின் காவல் செல்களால் விழுங்கி அழிக்க முடிவதில்லை. அந்த இடம் ஆண்டுக்கணக்கில் அழற்சியோடு இருந்து, செல்லின் மரபணு கெட்டு, பெரும்பாலும் 30, 40 ஆண்டுகள் கழித்துப் புற்றாகிறது. 20 ஆண்டிலும் வரலாம், 50 ஆண்டிலும் வரலாம். முதன்முதலில் சுவாசித்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைப் பொறுத்து ஆபத்து ஏறிக்கொண்டே போகும். சின்ன வயதில் தூசியில் இருந்தவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டியது அதனால்தான்.

1960இல் வாக்னரும் அவருடைய சகாக்களும் தென்னாப்பிரிக்காவில் 33 பேரின் நோயை நீல அஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதியோடு பொருத்திக் காட்டினார்கள். அதில் சுரங்கத்துக்குள் இறங்காமல் பக்கத்தில் குடியிருந்தவர்களும் இருந்தார்கள். 1965இல் லண்டனில் நடந்த ஆய்வு, தொழிலாளியின் வீட்டில் உடன் வாழ்ந்தவர்களுக்கும் நோய் வந்ததைக் காட்டியது. வேலை முடிந்து வந்த சட்டையைப் பின்வாசலில் உதறித் துவைத்த அம்மாவையும் இந்தக் கணக்கில் சேர்த்தே எழுதுங்கள்.

நீலம், பழுப்பு, வெள்ளை என எல்லா வகை அஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. "வெள்ளை வகை ஒன்றும் செய்யாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிகரெட்டுக்கும் மீசோதெலியோமாவுக்கும் தொடர்பில்லை. ஆனால் அஸ்பெஸ்டாஸும் சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் பல மடங்கு கூடும். "அப்பா புகைத்ததே இல்லை, அவருக்கு எப்படி?" என்று குழம்பும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

வேலைத் தாள்

"அஸ்பெஸ்டாஸ் வேலை செய்தீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் அப்பா சொல்வார். அந்தப் பெயரை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கையால் என்ன செய்தார் என்று கேளுங்கள். ஸ்டீம் பைப்பைச் சுற்றி வெள்ளைப் பூச்சு இருந்ததா? அதை யார் தட்டி எடுத்தார்கள்? டிரம்மில் தண்ணீர் ஊற்றி மாவைப் போலக் குழைத்துப் பூசினீர்களா? பாய்லர் கதவைச் சுற்றி வெள்ளைக் கயிறு மாற்றினீர்களா? கேஸ்கெட் ஷீட்டைச் சுத்தியலால் தட்டி வெட்டினீர்களா? பிரேக் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்தீர்களா? கூரைத் தகட்டை ரம்பத்தால் அறுத்தீர்களா? வேலை முடிந்தால் புருவம் வெள்ளையாக இருக்குமா?

மலேசியாவில் நம் மக்கள் அதிகம் இருந்த இடங்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்துங்கள்: செந்தூல் ரயில் பட்டறை, பட்டர்வொர்த், பிறைப் பக்கத்துத் துறைமுகமும் கப்பல் பழுதுபார்க்கும் இடங்களும், மின் நிலையங்கள், ரப்பர்த் தோட்டத்துப் புகைக்கூடங்கள், செம்பனை ஆலைகளின் பாய்லர் அறைகள், லோரி, பஸ் பட்டறைகள், வீடு இடிக்கும் குத்தகை வேலை. அந்தக் காலத்தில் நீராவி ஓடிய இடத்தில் வெப்பம் வெளியேறாமலிருக்க அஸ்பெஸ்டாஸ் சுற்றுவது உலகம் முழுவதும் வழக்கம். கப்பலின் எஞ்சின் அறை மிக மோசம். இடம் குறுகல், காற்றோட்டம் இல்லை, ஒருவர் உரிக்கும் தூசியைப் பத்துப் பேர் சுவாசிப்பார்கள். அதனால் பக்கத்தில் நின்று வேறு வேலை செய்த வயர்மேனும் வெல்டரும்கூடத் தாளில் எழுத வேண்டியவர்கள்.

ஒரு வேலைக்கு ஒரு பத்தி எழுதுங்கள். மாதிரிக்கு:

"1973 முதல் 1979 வரை. செம்பனை ஆலை, பாய்லர் அறை. ஆண்டுக்கு இரண்டு ஷட்டவுன், ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நாள். பைப்பின் வெள்ளைப் பூச்சைச் சுத்தியலால் தட்டி எடுத்து, புதிதாகக் குழைத்துப் பூசினார். முகத்தில் துண்டு மட்டும். உடை வீட்டில் துவைக்கப்பட்டது. அப்போது குடியிருந்தது ஆலை லயத்தில்."

ஆண்டு சரியாக நினைவில்லை என்றால் "மூத்தவள் பிறந்ததற்கு முன்" என்றாவது எழுதிக்கொள்ளுங்கள், பிறகு கணக்கிடலாம். ஊழியர் சேமநிதியிலும் சொக்சோவிலும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பழைய பங்களிப்புப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். எந்த முதலாளி எந்த ஆண்டு பணம் கட்டினார் என்பது அதில் வரும். தொழிற்சங்க அட்டை, சம்பளச் சீட்டு, பட்டறை முன் நின்று எடுத்த படம் எல்லாம் உதவும். கூட வேலை செய்தவர் யாராவது உயிரோடு இருந்தால், அவர் பார்த்ததைச் சத்தியப் பிரமாணமாக எழுதி, பிரமாண ஆணையர் முன் கையெழுத்து வாங்கி வையுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், சாட்சிக்கும் வயதாகிறது.

ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியவை

நம் நாட்டில் காசநோய் அதிகம். ஒரு பக்க நெஞ்சு நீர், எடை குறைவு, இருமல் என்றால் டாக்டர் முதலில் காசநோயைச் சந்தேகிப்பது நியாயமே. காசநோய், மீசோதெலியோமா இரண்டிலும் நீரில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் கூடியிருக்கலாம் என்பதால் குழப்பம் எளிது. சிக்கல் எப்போது வருகிறது என்றால், கிருமி பிடிபடாமலேயே ஆறு மாத மாத்திரை தொடங்கி, நீர் மறுபடி மறுபடி கோத்தும் யாரும் திரும்பிக் கேட்காதபோது. ஊசியால் எடுத்த நீரில் மீசோதெலியோமா செல் தெரியாமல் போவது பாதிக்கும் மேலான தடவை நடக்கும். "நீரில் கேன்சர் இல்லை" என்ற அறிக்கையை இறுதி விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி: "உறையிலிருந்து பயாப்ஸி (சோதனைக்குச் சிறு சதை) எடுத்தீர்களா?"

சி.டி. ஸ்கேனில் உறை ஒரே சீராக இல்லாமல் முடிச்சு முடிச்சாகத் தடித்திருந்தால், கேமரா குழாயை நெஞ்சுக்குள் விட்டுப் பார்த்துச் சதை எடுப்பதே நம்பகமான வழி. கோலாலம்பூரில் ஜாலான் பகாங் சுவாச மருத்துவக் கழகம், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, பினாங்கில் பினாங்கு மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். எடுத்த சதையைச் சாயப் பரிசோதனை செய்து, கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1 போன்ற குறிகள் இருக்கின்றனவா, நுரையீரல் புற்றுக்குரிய டி.டி.எஃப்.1 இல்லையா என்று பார்த்த பிறகே பெயர் உறுதியாகும். அறிக்கையில் எபிதீலியாய்டு, சார்கோமடாய்டு, இரண்டும் கலந்தது என்று வகை எழுதியிருக்கும். முதல் வகை வந்தவர்கள் பொதுவாகச் சற்றுக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். நகல் ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள்.

ஸ்கேனில் "பிளேக்" என்று எழுதியிருந்தால் பயந்துவிட வேண்டாம். உறையில் சுண்ணாம்பு படிந்த தழும்பு அது, புற்றுநோயன்று. ஆனால் தூசியைச் சுவாசித்ததற்குச் சாட்சி. அந்தப் படத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

சிகிச்சையைப் பற்றி நேராகச் சொல்வதே நல்லது. முழுக்கக் குணமாவது அரிது. பெமெட்ரெக்செட், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகள் இரண்டும் சேர்ந்தால், 2003இல் வெளிவந்த சோதனையில் நடுமதிப்பு ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்), சிஸ்பிளாட்டின் மட்டும் கொடுத்தபோது இருந்த 9.3 மாதத்திலிருந்து 12.1 மாதமானது. நிவொலுமாப், இப்பிலிமுமாப் என்ற இரண்டு எதிர்ப்புசக்தி மருந்துகளைக் கீமோவோடு ஒப்பிட்ட பிந்தைய சோதனையில் 14.1 மாதம் 18.1 மாதமானது, இவை விலை மிகுந்தவை, ஆகவே ஆஸ்பத்திரியில் மருந்து உதவி நிதி உண்டா என்று சமூக நலப் பிரிவில் முதல் வாரமே கேளுங்கள். பெமெட்ரெக்செட் தொடங்கும் முன் வாரத்திலேயே ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் ஆரம்பித்திருக்க வேண்டும். இதை விட்டால் இரத்த அணுக்கள் கடுமையாகக் குறைந்து வாய்ப்புண்ணும் வரும். மாத்திரையைக் கீமோ நாளில் மட்டும் சாப்பிடுவது தவறு, தினமும் சாப்பிட வேண்டும். நீர் திரும்பத் திரும்பக் கோத்தால், நெஞ்சில் நிரந்தரக் குழாய் வைத்து வீட்டிலேயே வடிக்கலாம். இல்லையேல் டால்க் தூள் செலுத்தி உறைகளை ஒட்டவைக்கலாம். வலி நிவாரணத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். கோலாலம்பூர்ப் பகுதியில் ஹோஸ்பிஸ் மலேசியா வீட்டுக்கே வந்து கட்டணமில்லாமல் கவனிக்கிறது.

சொக்சோவும் மரணச் சான்றிதழும்

1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் அஸ்பெஸ்டாஸால் வரும் புற்றுநோய் வேலைசார் நோயாக இருக்கிறது. சிகிச்சை தரும் டாக்டர் அதை ஜே.கே.கே.பி.க்கு (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) ஏழு நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அதற்கான பாரம் ஜே.கே.கே.பி. 7. பலர் மறந்துவிடுவார்கள், ஆகவே "பாரம் அனுப்பியாயிற்றா டாக்டர்?" என்று மரியாதையோடு கேட்டு நகல் வாங்குங்கள். வேலையை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தால் கால வரம்புக் கேள்வி எழும். சொக்சோ கவுண்டரில் வாய்ச்சொல்லைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, முடிவையும் எழுத்தில் கேளுங்கள். பென்சன் உள்ள அரசாங்க வேலை என்றால் சொக்சோ இராது. 1992 வரை மலாயா ரயில்வே அரசாங்க இலாகாவாகவே இருந்தது, ஆகவே பழைய ரயில்வேக்காரர்கள் அரசாங்கப் பென்சனைக் கவனிக்கும் குவாப் (KWAP) நிறுவனத்தை நாட வேண்டும்.

பல குடும்பங்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. கடைசி வாரங்களில் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். வீட்டில் உயிர் பிரிந்தால் போலீஸ் நிலையத்தில் பதியும்போது மரணக் காரணம் "சாக்கிட் துவா", அதாவது முதுமை நோய், என்று விழுந்துவிடலாம். மறுநாள் தகனம். அதன்பின் மனைவிக்குரிய வாரிசு உதவியைக் கேட்கப் போனால், நோய்க்கும் மரணத்துக்கும் தொடர்பைக் காட்டத் திண்டாட வேண்டியிருக்கும். பயாப்ஸி அறிக்கையையும் நோயின் பெயர் எழுதிய டாக்டர் கடிதத்தையும் முன்கூட்டியே ஓர் உறையில் போட்டு, போலீஸ் நிலையத்துக்குப் போகும் பிள்ளையின் கையில் கொடுங்கள்.

இன்றைய வீட்டுக் கூரை

1986ஆம் ஆண்டு விதிமுறைகள் நீல வகையைத் தடைசெய்தன; வெள்ளை வகை கட்டுப்பாட்டோடு தொடர்ந்தது. அதனால் பழைய தாமான் வீடுகளிலும் தோட்டத்து லயங்களிலும் சாம்பல் நிற நெளித்தகடு இன்னும் இருக்கலாம். அஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் இழை பொதுவாக 10 முதல் 15 விழுக்காடு. உடையாத தகட்டின் கீழ் குடியிருப்பதால் பெரிய ஆபத்தில்லை. உடைந்த விளிம்பில் பஞ்சுபோல் நார் துருத்தி நிற்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். ஆனால் கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது, ஆய்வகச் சோதனைதான் சொல்லும்.

தீபாவளிக்கு முன் பாசி போக வாட்டர் ஜெட் அடிப்பது மிகப் பெரிய தவறு. மேல்பூச்சு அரிபட்டு இழை தண்ணீரோடு பக்கத்து வீடு வரை தெறித்து, காய்ந்ததும் பறக்கும். கிரைண்டரால் அறுப்பதும், ஆஸ்ட்ரோ டிவி தட்டுக்காகத் துளைப்பதும் அப்படியே. ஏறி நடந்தால் தகடு உடைந்து ஆள் விழுவார். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழக்கமுள்ள குத்தகைக்காரரிடம் கொடுத்து, இவற்றைக் கேளுங்கள்: பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து நனைக்கிறாரா, திருகாணியைக் கழற்றி முழுத் தகடாக இறக்குகிறாரா, நுண்தூசியை வடிகட்டும் எஃப்.எஃப்.பி.3 அல்லது பி100 முகக்கவசம் போடுகிறாரா. கோவிட் காலத்து நீல முகக்கவசம் இதற்கு உதவாது. தாடி இருந்தால் நல்ல கவசமும் ஒட்டாமல் காற்றுக் கசியும். பிள்ளைகளை அன்று வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். தரையைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவோடு போடுங்கள். தகட்டை 0.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி டேப் ஒட்ட வேண்டும். அஸ்பெஸ்டாஸ் தூசி, இழைக் கழிவு 2005ஆம் ஆண்டு விதிகளின்படி எஸ்.டபிள்யூ. 201 என்ற அட்டவணையிட்ட கழிவு வகை; எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்பதற்கு ரசீது காட்டச் சொல்லி, அதன் பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.